ஒரு சாண் தள்ளி விழுந்த வெயில்

ஜூன் 22

என் அருமை அளவுகோலுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நேற்று நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாய். ஆண்டின் நீண்ட பகல் அல்லவா? விடிந்ததும், நாம் தோண்டியெடுத்த பழங்கட்டடத்து வாசலின் மேல்துளை வழியே நுழைந்த வெயில், அந்த நீண்ட நடையைக் கடந்து, உள்ளறைக் கல்மேடையின் நட்டநடுவில் விழுந்தது! சூரியன் வடக்கே போய்த் திரும்பும் நாளை நாலாயிரம் வருடங்களுக்கு முன்பே அவ்வளவு துல்லியமாகக் கணித்துக் கட்டியிருக்கிறார்கள். தோண்டும் ஆட்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல்.

போன வருடம் வெயில் ஒரு சாண் தள்ளி விழுவதாக வரைந்தாயே, அது தப்பென்று இப்போதாவது ஒப்புக்கொள். புது வரைபடத்தில் கையெழுத்துப் போடு. குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் உட்கார்ந்தது போதும், வந்துவிடு.

உன் வாத்தியார்

ஜூன் 30

வாத்தியாருக்கு,

அம்மா நடக்கிறாள். உங்களைத்தான் விசாரிக்கிறாள், பாவம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று விடியல் அளந்தவள் நான். "மொதல்ல கண்ணாடிய மாத்தும்மா"ன்னு எல்லார் முன்னாலும் சிரித்தீர்கள். அதோடு விட்டீர்களா? அளக்கத் தெரியாதவள் என்று துறைத் தலைவருக்கு எழுதி என் வேலைக்கு உலை வைத்தீர்கள். கட்டின புருஷனே எழுதினார் என்று யாரிடம் சொல்லி அழ?

ஒரே வருடத்தில் சூரியன் ஒரு சாண் நகராது. கல்லை என்ன செய்தீர்கள்?

உங்கள் மனைவி

ஜூலை 8

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

என்னவோ கொலை செய்துவிட்ட மாதிரி கேட்கிறாய்! துளையின் பக்கக்கல் சாய்ந்து கிடந்தது. மண் இறங்கியிருக்கும். கடப்பாரை போட்டு நெம்பி, வெயில் நடுவில் விழும்படி நிறுத்திச் சிமெண்ட் வைத்தோம். கட்டினவர்கள் நினைத்ததும் அதுதானே? இதில் யார் குடி முழுகிவிட்டது? பத்திரிகைக்காரர்கள் வரப்போகிறார்கள். என் மானத்தை வாங்காமல் சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வீடு நீ இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கிறது.

உன் வாத்தியார்

ஜூலை 15

ஐயா,

படித்ததும் என் பழைய அளவுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கல் சாயவில்லை. பூமியின் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அதனால் நீண்ட பகலன்று சூரியன் எழும் இடமும் நாலாயிரம் வருடத்தில் சற்று நகர்ந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அன்றைக்கு நடுவில் விழுந்த வெயில், இன்றைக்குத் தள்ளித்தான் விழ வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக ஒரு சாண் வருகிறது. அவர்கள் எவ்வளவு துல்லியமாகக் கட்டினார்கள் என்பதற்கு அந்த ஒரு சாண்தான் சாட்சி. ஊர் உலகமெல்லாம் நீங்கள் தேடிய சாட்சி. அதைப் போய் இன்றைய சூரியனுக்குத் திருப்பி வைத்திருக்கிறீர்கள்!

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நான் சரியாக அளந்திருப்பேன் என்று நினைத்திருந்தால் உங்களுக்கே விளங்கியிருக்கும். பெண்டாட்டி தப்பு என்று காட்டும் அவசரம். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்லைப் பழைய இடத்திலேயே நிறுத்தப் போகிறார்களாம், அளந்து காட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரச் சொன்னீர்களே, வருகிறேன். தங்குவதற்கு அலுவலக விடுதியில் அறை சொல்லியாகிவிட்டது. வீட்டில் இருக்கும் என் துணிமணிகளை மட்டும் கட்டி, விடுதி வாசல் காவலரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நில அளவையாளர்