பாட்டுக்காரன் சட்டையில் கறையே இல்லை

இன்று சாயங்காலம் மளிகைக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். மகளின் அறைக்குள்ளிருந்து அந்தப் பாட்டு மறுபடி கேட்டது. புதுப் பாட்டுதான். ஆனால் நம் காலத்துப் பாட்டு மாதிரியே போட்டிருக்கிறார்கள். வயலின், பாங்கோஸ், தேய்ந்த ரெக்கார்டின் கரகரப்பு வேறு. பங்களாப் பெண்ணின் கார் நடுவழியில் நிற்கிறது. மெக்கானிக் வருகிறான், காருக்கு அடியில் படுத்தபடியே காதலைப் பாடுகிறான். கடைசியில் பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே இருவர் கையையும் சேர்த்து வைக்கிறார்.

நீங்கள் இருந்திருந்தால், "இன்னாமே இது, வண்டிக்கு அடியில படுத்துகினு கீறான், சட்டைல ஒரு கறை இல்ல!" என்று சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் சட்டையில் கறை இருந்தது. பாடிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை உங்களுக்கு. எங்கள் வீட்டுக்கோ பருத்திப்பட்டு ஏரியோரம் நிலம். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "வா நைனா, நல்ல நேரத்துல வந்த. கெணத்து மோட்டார் கத்துது, இன்னானு பாரு. அப்பால பேசலாம்." புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினீர்கள். மோட்டார் ஓடியது. பேச்சுதான் நடக்கவில்லை. "சரி, கெளம்பு" என்றார்.

அப்பா இல்லாமலே திருமுல்லைவாயில் கோயிலில் தாலி கட்டியபோதும் அதே சட்டைதான், அதே கிரீஸ் கறைதான். பிறகு நான் அப்பாவைத் திட்டும்போதெல்லாம், "உடுமே. மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி கையப் பாத்துட்டாரு, அவ்ளோதான்" என்பீர்கள். மகளுக்கு அதைச் சாப்பாட்டு நேரத்து வேடிக்கைக் கதையாக, என் அப்பாவின் குரலிலேயே நடித்துக் காட்டுவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பையனை அழைத்து வந்தாள். அவள் கம்பெனியில் ஏசி பழுது பார்க்கிறவர். முன்கூட்டியே சொல்லிவிட்டாள், நானும் வரச் சொல்லியிருந்தேன். நல்லபடியாக நடக்க வேண்டும் என்று முருகனுக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். காப்பியை வைத்தேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "வந்ததே வந்தீங்க தம்பி, எங்க ஏசில தண்ணி ஒழுகுது. கொஞ்சம் பாத்துடுங்களேன்."

அவர் உடனே கையை மடித்துவிட்டு ஸ்டூலில் ஏறினார்.

மகள் என்னையே பார்த்தாள். "அம்மா, அவரு உன்கிட்ட பேச வந்தாரும்மா."

"பரவால்ல, அம்மாதான சொல்றாங்க" என்றார் அவர். இறங்கியபோது வெள்ளைச் சட்டையின் மார்பில் கருப்பாக ஒரு தீற்றல். காப்பி ஆடை கட்டியிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கெளம்பறேங்கம்மா" என்றார். நான் தடுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மகள் கேட்டாள்: "கெணத்து மோட்டார் இப்ப கத்தலியே தாத்தா?"

தாத்தா என்றாள், என்னை. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பாட்டை மட்டும் போடுகிறாள்.

இன்று அந்தப் பாட்டு முடிவதற்குள் கணக்கை மூடிவிட்டு அவருக்குப் போன் போட்டேன். "தம்பி, இந்த ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாங்க."

"ஏசி திரும்பவும் ஒழுகுதாங்கம்மா? சாமான் எடுத்துகினு வந்துடறேன்."

கிண்டல் இல்லை அதில். நிஜமாகவே கேட்டார்.

"இல்லப்பா. அது ஒழுகினா ஒழுகட்டும். சாப்ட வாங்க. பேசணும்."

"நல்ல சட்டைனா அதே ஒண்ணுதாங்கம்மா இருக்கு, கறை போகல" என்றார்.

உங்கள் படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டேன். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் முடியவில்லை.