வேலாயுதம் பெண்சாதி குப்பம்மாளுக்கு ஒரு ஓட்டு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் தனகோட்டி எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து என்னடி கடுதாசி என்று கேட்பீர்கள். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு எழுத வேண்டிய தேவையே வரவில்லை. ஜோகுபாளையத்து ஒற்றை அறையில் நீங்கள், நான், உங்கள் மகன் மூன்று பேரும் இருந்தோம், நடுவில் ஒரு புடவைத் திரை. என்னுடையது ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத்தே படிக்காதவர், பிழை கண்டுபிடிக்கப் போவதில்லை என்ற தைரியமும் உண்டு.

நல்ல சேதி ஒன்று. உங்கள் கொள்ளுப்பேத்தி ரேவதி கவர்ன்மெண்ட் ஸ்கூலில் டீச்சராக இருக்கிறாள். நேற்று ஒரு ஆர்டரைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "பாட்டி, இந்த எலக்ஷனுக்கு என்னை பூத் ஆபீசராப் போட்டிருக்காங்க. மேஜை போட்டு உக்காந்து பேர் கூப்பிடப் போறது நான்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "ஒரு பொம்பளை புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "யாரு பாட்டி இப்ப சொல்லாம இருக்காங்க? திட்டறதே பேரைச் சொல்லித்தான்" என்றாள். அவளுக்கு உங்கள் கதை தெரியாது. ராத்திரி சாப்பாடு ஆறுகிற வரை சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் மனசில் மிச்சம் இருந்தது. அதுதான் இந்தக் கடிதம்.

அவளுக்கு முதலில் இந்தப் பெங்களூரைப் பற்றியே சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் இருந்தவரை அவன் பட்டாளம் இருந்த நம் தண்டு வேறு, அந்தப் பக்கம் பழைய ஊரான பேட்டை வேறு. தண்டில் அவன் சட்டம், பேட்டையில் மகாராஜா சட்டம். நாற்பத்தேழில் அவன் மூட்டை கட்டியபோது தண்டை மைசூர் ராஜ்ஜியத்திடம் கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒரே கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். நாம் இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை, ஆனாலும் வேறு ராஜ்ஜியத்துக்கு, அதுவும் அதன் தலைநகரத்துக்கே குடிவந்துவிட்டோம். நீங்கள் அப்போது என்ன சொன்னீர்களாம் தெரியுமா? உங்கள் மகன் சொல்லிச் சிரிப்பார். "எவன் ஆண்டா என்ன, குழாயில தண்ணி வந்தா சரி."

அப்படிச் சொன்ன நீங்கள்தான் பிறகு மாறினீர்கள். உங்களை மாற்றியது விதான சௌதா, அந்தச் சட்டசபைக் கட்டடம்.

முதல் எலக்ஷனுக்குப் பேர் எழுத வந்தபோது, முன்பின் தெரியாத ஆளிடம் பேர் சொல்வதாவது என்று "மாணிக்கத்தோட அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். பட்டியலில் உங்கள் பேர் வரவே இல்லை. அதற்காக அப்போது நீங்கள் வருத்தப்படவும் இல்லை. அதற்குள் சட்டசபைக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். நீங்கள் அங்கே சித்தாளாகச் சேர்ந்தீர்கள்.

நான் கல்யாணமாகி வந்தபோது கட்டடம் பாதி எழும்பியிருந்தது. சாயங்காலம் நீங்கள் வந்து உட்கார்ந்தால் தலையில் சும்மாடு இருந்த இடத்தில் மட்டும் முடி தேய்ந்து பளபளக்கும். நான் எண்ணெய் வைப்பேன். "இன்னிக்கு ஒரு தூணு நட்டாங்க பாரு, நாலு பேரு கைகோத்தாலும் பிடிக்க முடியாது" என்பீர்கள். ஒரு நாள் தூண்களைக் கை காட்டி மேஸ்திரியிடம் கேட்டீர்களாம், "இவ்வளவு பெரிசா இருக்கே, இதுல யாரு சாமி குடியிருக்கப் போறாங்க?" மேஸ்திரி சொன்னாராம், "நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பற ஆளுங்க." அன்று வந்து நீங்கள் சாப்பிடவில்லை. "என்னைக் கேக்காம அனுப்பிட்டாங்களேடி" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

கட்டடம் முடிந்த வருஷமே ஹூப்ளி, தார்வார் பக்கமெல்லாம் சேர்ந்து ராஜ்ஜியமும் பெரிதானது. அடுத்த எலக்ஷனுக்குப் பேர் எழுத ஆள் வந்தான். நீங்கள் அன்று வேலைக்கே போகாமல் வாசலில் காத்திருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வந்தவன் மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரப் பையன், தமிழ் அரைகுறை. "குப்பம்மா" என்று உங்கள் பேரைக் கணீரென்று சொன்னீர்கள். மகன் பேரும் சொன்னீர்கள், என் பேரும் சொன்னீர்கள். அவன் தலை நிமிராமல் கேட்டான்: "நிம்ம கண்டன பேரு?" உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன என்று.

அங்கேதான் வண்டி நின்றது. செத்து இருபது வருஷம் ஆன மனுஷர். வெள்ளைக்காரன் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். ஒரு போட்டோ கூடக் கிடையாது. அவர் விட்டுப்போனது மகனையும் பேரையும்தான். அந்தப் பேரை நீங்கள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. உங்கள் மகனோ மில்லில். என்னைப் பார்த்தீர்கள். மருமகள் மாமனார் பேரைச் சொல்லலாமா? எனக்கும் வாய் வரவில்லை. கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுதிக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "தமிழ் ஓதக்கெ பரல்லம்மா" என்றான். தமிழ் படிக்கத் தெரியாதாம்.

"அஞ்சாவது படிச்ச மகாராணி எழுதினா ஊரே படிக்கும்னு நெனச்சேன்" என்று என்னை ஒரு குத்துக் குத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கை காட்டினீர்கள். முருகன் கையில் இருந்த வேலையும் தொட்டுக் காட்டினீர்கள். அவன் முகம் மலர்ந்து, "ஓ, கொத்தாய்த்து" என்று எழுதிக்கொண்டான். புரிந்துவிட்டது என்கிறான் என்று நமக்கும் நிம்மதி. அவன் எழுதிய கன்னட எழுத்து நம் இரண்டு பேருக்கும் சுழி சுழியாக அழகாகத் தெரிந்தது, அவ்வளவே.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. அல்சூர்ப் பள்ளிக்கூடம். பெண்கள் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. உங்கள் மகனுக்கு மில்லில் ஷிப்ட், சாயங்காலம்தான் வருவார். கட்டடம் திறந்தபோது கட்டிய அதே சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு நீங்கள் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா. மேஜையில் இருந்தவர் ஒரு கன்னட வாத்தியார், மூக்குக் கண்ணாடி. பட்டியலைப் புரட்டி வாசித்தார்.

"குப்பம்மா. கண்ட, சுப்ரமணி."

"யாரது?" என்றீர்கள்.

"உங்க வீட்டுக்காரர், அம்மா."

"எனக்கா? எப்ப கட்டி வெச்சீங்க? ஒரு பத்திரிகை கூட வைக்கலையே!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பையன் நம் முருகனை அவர்கள் பக்கத்துப் பேரில் எழுதிவிட்டான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பச்சையம்மா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "ஆமான்னு சொல்லிட்டுப் போயேன்க்கா. ஒரு நிமிஷத்துக்குத்தானே!"

"ஒரு நிமிஷப் புருஷன் உனக்கு வேணும்னா நீ வெச்சுக்கடி."

மூலையில் ஒரு கட்சி ஏஜெண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சி என்று இப்போது எதற்கு. அவர் எழுந்துவிட்டார். "சார், ஆள் மாறாட்டம். லிஸ்டுல இருக்கற பொம்பளை வேற, இது வேற. சீட்டுக் கொடுக்காதீங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, இந்தப் பேரு தப்புன்னா சரியான பேரை நீங்க சொல்லணும். சொல்லலைன்னா நான் ஏனு மாடலி, என்ன பண்ணட்டும்?"

அத்தை, அந்த நேரத்தை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆமாம் சுப்ரமணிதான் என்றால் ஓட்டு கிடைக்கும். பேசாமல் திரும்பினால் மரியாதை மிஞ்சும். இரண்டும் உங்களுக்கு வேண்டாம். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள்.

"அந்தக் கட்டடத்துக்கு அஞ்சு வருஷம் கலவை சுமந்தேன் சார். அதுல யாரு உக்காரணும்னு சொல்லத்தான் வந்தேன். வேலாயுதம். என் புருஷன் பேரு வேலாயுதம். லாயத்துல குதிரை தேச்ச வேலாயுதம். போதுமா?"

வரிசையில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏஜெண்டு விடவில்லை. "யாரு வேணா என்ன பேரு வேணா சொல்லலாம் சார். சாட்சி எங்க?"

நீங்கள் சொல்லிவிட்ட பிறகு எனக்கு என்ன பயம்? முன்னால் வந்தேன். "சார், இவங்க என் மாமியார். என் மாமனார் பேரு வேலாயுதம். என் வீட்டுக்காரர் பேரு மாணிக்கம். அவர் பேருக்கு நேரா அப்பா பேரைப் பாருங்க, அங்கயும் சுப்ரமணின்னுதான் இருக்கும். பேர் எழுத வந்தவர் எங்க வீட்டு முருகன் படத்தைப் பார்த்து எழுதினார்." ஒரே மூச்சில் மாமனார் பேர், புருஷன் பேர், இரண்டும்.

வாத்தியார் அடுத்த வரியில் விரல் வைத்தார். இருந்தது. அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. "ஒரே வீடு, ஒரே தப்பு. எங்க பக்கம் முருகன்னா சுப்ரமணிதான். அவன் மேலயும் தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை." ஏஜெண்டைப் பார்த்து, "குத்துக்கொள்ளி சுவாமி, உட்காருங்க" என்றார். உங்கள் விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார்.

அப்போதெல்லாம் சின்னத்துக்கு ஒரு பெட்டி. திரைக்குப் பின்னால் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். நீங்கள் போனவர் வரவே இல்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பெட்டியில் போட்டீர்கள்? கடைசிவரை என்னிடம்கூடச் சொல்லவில்லையே.

ஏரிக்கரையோரம் வீட்டுக்கு நடந்தோம். நான்தான் பயந்து பயந்து, "மாமா பேரைச் சொல்லிட்டேன் அத்தை, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

"வேலாயுதம்."

"நல்ல பேருதான் அந்த மனுஷனுக்கு" என்றீர்கள். பிறகு வீடு வரும்வரை நீங்களே அதை மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நான் கேட்காத மாதிரி இரண்டு அடி பின்தங்கி நடந்தேன்.

நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், கதையே நீண்டுவிட்டது. வீட்டு வாசலில் நின்று நீங்கள் ஒரு உத்தரவு போட்டீர்கள். "நாளையிலேர்ந்து நீ கன்னட எழுத்துக் கத்துக்கறே. இனி எவனும் எனக்குப் புருஷனை மாத்தி எழுதக் கூடாது." எதிர்வரிசை கன்னட வீட்டு அம்மாவிடம் என்னை அனுப்பினீர்கள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துப் பாத்திரத்தையெல்லாம் யார் தேய்த்தது? நாளெல்லாம் கல்லும் மண்ணும் சுமந்து வந்த நீங்கள். "மருமக படிக்கப் போறா, மாமியா பாத்திரம் தேய்க்கறா" என்று குழாயடியில் நக்கல் செய்தார்கள். "அவ படிச்சா எனக்கும் சேத்துத்தான். உனக்கு ஏன் எரியுது?" என்று நீங்கள் கொடுத்த பதிலில் அந்தப் பேச்சு நின்றது. கோபக்காரி, சந்தேகமே இல்லை. உப்பு கூடினால் தட்டு பறக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு என் பெற்ற தாய்கூடக் கொடுத்ததில்லை, அத்தை.

அதற்கடுத்த எலக்ஷனுக்குப் பேர் எழுத வந்தவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். நம் வரிசையில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்ல வெட்கப்பட்டாலும் என் காதில் சொல்வாள், நான் சொல்வேன், அவர் எழுதியதை எட்டிப் பார்ப்பேன். பட்டியலை ஒட்டிய அன்று உங்களைக் கூட்டிப்போய் வாசித்துக் காட்டினேன். "குப்பம்மா, கணவர் வேலாயுதம்." மூன்று தடவை வாசிக்கச் சொன்னீர்கள். மூன்றாவது தடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். குழாயடியே நடுங்கும் குப்பம்மாள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்கடுத்த எலக்ஷனுக்கு நீங்கள் இல்லை. பட்டியலைச் சரிபார்க்க வந்தவர், "குப்பம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிவப்புப் பென்சிலை எடுத்தார். "கொடுங்க சார், எங்க வீட்டு ஆளு, நானே அடிக்கறேன்" என்று வாங்கினேன். உங்கள் பேர் மேல் பென்சிலை வைத்தேன். கை நகரவில்லை. எத்தனை பாடுபட்டு ஏறிய பேர்! அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கோடு போட்டதை நான் பார்க்கவில்லை. அதனால் என் கணக்கில் அந்தப் பேர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் மகன் போய் பதினோரு வருஷம். எனக்கு எண்பத்தெட்டு தாண்டிவிட்டது. இந்த வயசுக்காரர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாமாம், ஆபீசர்களே வந்து வாங்கிக்கொள்வார்களாம். ரேவதி அதற்கான ஃபாரத்தைக் கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன். முட்டி வலித்தாலும் வரிசையில் நின்றுதான் போடுவேன், பேரைக் கூப்பிட்டதும் சத்தமாக "இருக்கேன்" என்று சொல்லுவேன். மூச்சு உள்ளவரை ஒரு எலக்ஷனையும் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எந்தப் பெட்டியில் போடுவேன் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் சொன்னீர்களா?

நன்றி மறவாத உங்கள் மருமகள்,
மாணிக்கத்தின் மனைவி தனகோட்டி
ஜோகுபாளையம், பெங்களூர்