ஆணியில் தொங்கும் குவளை

நார்த்தாமலை,
ஐப்பசி 19

அன்பு மகள் சுகுணாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசுக்கு இல்லை. காரணம் நீ. அன்று நான் இருந்த, இன்று நீ இருக்கும் எல்லைப் போஸ்டின் வரலாறு என்று நீ எழுதி அனுப்பிய புத்தகத்தில், பதினோராம் பக்கத்தில், சிப்பாய் வெள்ளைச்சாமி உத்தரவில்லாமல் காவலை விட்டு இறங்கிப் பனிச்சரிவில் செத்தான் என்று இருக்கிறது. அது பொய். உத்தரவு கொடுத்தவன் நான்.

மழையில் கடலை வயலில் தண்ணீர் நிற்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். போனில் கேட்டதற்கு, ஃபைலில் இருந்ததைத்தான் எழுதினேன் அப்பா என்றாய். கேப்டன் ஆகிவிட்டாய், ஃபைலைக் கேட்கத் தெரிந்த உனக்கு அங்கே இருந்த அப்பனைக் கேட்கத் தெரியவில்லை. அட்டையில் உன் பெயரைப் பார்த்த பெருமையில், உள்ளே என்ன என்று பார்க்காமல் நானே ஒரு பிரதியைத் திருவரங்குளத்துக்குக் கொண்டுபோய் வெள்ளைச்சாமி மனைவி பிரகதாம்பாளிடம் கொடுத்தேன். உன் ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வாத்தியார் வேலை பார்க்கும் அவள் மருமகன் படித்துச் சொல்லிவிட்டான். மறுநாளே பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். தண்ணீர்கூட வாங்கவில்லை. "அண்ணே, சொல்லாமக் கொள்ளாம ஓடுன ஆளுக்கா நான் இத்தன வருசம் தெவசம் குடுத்தேன்? ஒங்க மக படிச்ச புள்ள, அது பொய்யா எழுதும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நடந்ததைக் கேள். 1986 மார்கழி. கல்லை அடுக்கித் தகரம் போட்ட ஒரே அறையில் ஆறு பேர். எங்களுக்கு முன் இருந்தவர்களுக்குக் கூடாரம்தான், சுவர் நாங்கள் எழுப்பியது, அதை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாய். பனி மூடிப் பதினொரு நாள் சாமான் சுமக்கும் கோவேறு கழுதை மேலே வரவில்லை, வயர்லெஸ் பேட்டரி செத்துவிட்டது. கீழ் முகாமுக்குப் போய்ப் பேட்டரி கொண்டுவா என்று வெள்ளைச்சாமியை அனுப்பினேன், ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். "ஊர்க்காரன்னு பாத்து என்னையவே அனுப்புறீங்களாக்கும், லீவுல ஒங்க வீட்ல கறிக்கொழம்பு வாங்காம விடமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. அடுப்புப் பற்றவைக்க ரிஜிஸ்டரைக் கிழித்தேன், அந்தப் பக்கத்தையும் சேர்த்து. விசாரணையில் ரிஜிஸ்டர் பனியோடு போய்விட்டது என்றேன், எரித்தேன் என்று சொல்லப் பயம். உத்தரவு எழுத்தில் எங்கே என்று கேட்டார்கள், காட்ட முடியாததால் உத்தரவில்லாமல் இறங்கினான் என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். இத்தனை வருடமும் அவர்களைத் திட்டியே காலத்தை ஓட்டினேன்.

உன் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. நாலாம் பக்கப் படத்தில் வாசல் ஆணியில் தொங்கும் எனாமல் குவளைக்குக் கீழே, ராசிக்காக யாரும் தொடாத குவளை என்று எழுதியிருக்கிறாய். ராசியாவது மண்ணாவது. உத்தரவோடு இறங்குகிறவன் தன் குவளையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், திரும்பி வந்து அவனே எடுக்கும்வரை அடுத்தவன் கை படக்கூடாது, அது எங்கள் போஸ்டின் வழக்கம். அடியைத் திருப்பிப் பார், வெள்ளைச்சாமி தன் பெயரைக் கீறியிருப்பான்.

பதினோராம் பக்கத்தை நீ திருத்து. உத்தரவு கொடுத்தவன், ரிஜிஸ்டரை எரித்தவன், இரண்டுக்கும் என் பெயரைப் போடு, அப்பா என்று மறைக்காதே. அங்கே போஸ்டில் புதிதாகத் திறக்கப்போகும் நினைவுக்கல்லில் பணியில் இறந்தவர்கள் வரிசையில் அவன் பெயரைச் சேர்க்க உன் மேலதிகாரி கையெழுத்துப் போடவேண்டும், போடும்வரை நீ விடாதே. எரிந்த பக்கத்துக்குப் பதில் இந்தக் கடிதத்தை ஃபைலில் வை. உன் அம்மா உனக்காகப் பரிந்து பேசக்கூடாது, சொல்லிவிட்டேன். எரித்ததைப் பிரகதாம்பாளிடம் சொல்லவேண்டியவன் நான், வியாழக்கிழமை போகிறேன். குளிரில் காதை மூடிக்கொள், நல்லா இரு ஆத்தா. லீவுக்கு வரும்போது அந்தக் குவளையை இறக்கிக் கொண்டுவந்து அவள் கையில் நீ கொடு.

உன் அப்பா,
நாயக் நாகராசு,
அன்றைய போஸ்ட் பொறுப்பு.