தண்ணீர் கேட்காத பூ

மார்ச் 4
மகளின் பிரசவத்துக்கென்று என் மனைவி போய் இன்றோடு ஐந்து மாதம். மூன்று மாதம் என்று சொல்லித்தான் பெட்டி கட்டினாள். முன்பு கேட்டபோது குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. இன்று கேட்டால், குப்புற விழ ஆரம்பித்துவிட்டதாம், கூடவே ஆள் வேண்டுமாம். அடுத்து தவழும், நடக்கும், அதற்குக் கல்யாணமும் ஆகும். நான் இங்கே பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன் மாடியில் இருக்கும் செடியைத்தான் விசாரித்தாள். "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. அதுக்கு வெயில் போதும்."

மார்ச் 5
தண்டவாளத்தோரம் ஜல்லியில் கிடந்ததைத் தோண்டி வந்து, உடைந்த வாஷ்பேசினில் மணலும் சரளையும் நிரப்பி வைத்தாள். தரையோடு தரையாகப் படரும். ஒரு சாண் உயரம்கூட எழாது. வெயில் ஏறினால் சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூ விரியும், மேகம் வந்தால் மூடிக்கொள்ளும். குளிர்நாளில் மேலே எல்லாம் கருகி, அடுத்த வருடம் அதே வேரிலிருந்து தளிர்க்கும். ஏழு வருடமாக இதே கூத்து. எரு கூடாதாம், நிழல் கூடாதாம். எனக்கு எது கூடும், எது கூடாது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாளா?

மார்ச் 19
மத்தியானம் மாடிக்குப் போனேன். இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. முப்பத்திரண்டு வருடம் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்துவிட்டவன் நான். பத்து நிமிடம் தாமதமானால் தெருவே குடத்தோடு வந்து என் அப்பன் பாட்டனையெல்லாம் இழுக்கும். தண்ணீர் வேண்டாம் என்ற உயிரை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாளி ஊற்றினேன். இரக்கத்தில் ஊற்றினேன் என்று எழுதினால் பொய். ஊற்றாதே என்றாளே, அதற்காகவும்தான்.

மார்ச் 27
தினம் ஒரு வாளி. தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கும் நகர்த்திவிட்டேன். மாடி நனைகிறதென்று பேசினின் ஓட்டையில் துணி அடைத்தேன். இலை பளபளக்கிறது. பூதான் இல்லை. மகாராணிக்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 6
அழுகிவிட்டது. தொட்டதும் கையோடு வந்தது. வேர் வரைக்கும் கொழகொழ, ஒரே நாற்றம். ஓட்டையை வேற அடைச்சேனே — முட்டாப் பய நான். படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!

அவளிடம் சொல்ல மாட்டேன். ஒரு செடியைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்பாள். மகளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஏப்ரல் 9
தண்டவாளத்தோரம் போய் மூன்று செடி தோண்டினேன். ஆணிவேர் ஜல்லிக்குள் முழ நீளம் இறங்குகிறது. மூன்றும் பாதியில் அறுந்தன. கேட்கீப்பர் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, புதையலா?" என்றான்.

கடைசியில் செடி விற்கும் பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரர் சிரித்தார். "அது களை சார், அதை யாரு வாங்குவா? இந்தாங்க, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி." பூ கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அவளுக்கென்ன தெரியப்போகிறது?

பேசினைக் கழுவி, புதுச் சரளையில் நட்டு, நல்ல வெயிலில் வைத்தேன். வேர் பிடிக்கும்வரை தினம் அரை டம்ளர். அதற்குமேல் ஒரு சொட்டுகூடக் காட்டுவதில்லை.

மே 2
பூத்துவிட்டது! பதினோரு பூ. காலையிலிருந்து நாலு தடவை மாடி ஏறினேன், வெட்கக்கேடு. போட்டோ எடுத்து மகளின் போனுக்கு அனுப்பினேன்.

மே 3
அவளே கூப்பிட்டாள். "அட, நல்லா வளத்திருக்கீங்களே! நான் இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்குது."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். மகள் அடுத்த மாதம் மறுபடி வேலைக்குப் போகிறாளாம். "குழந்தை ஸ்கூல் போற வரைக்கும் இங்கயே இருந்துடறேங்க. நீங்கதான் சமாளிச்சுக்கறீங்களே."

சரி என்றேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மே 4
அழுகிய அன்றே சொல்லியிருந்தால் திட்டிக்கொண்டே அடுத்த வண்டியில் வந்திருப்பாள். திட்டட்டுமே. முப்பத்தொரு வருடம் கேட்காத திட்டா? எனக்கு அவள் வேண்டும். இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை.

மே 5
போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மே 9
போட்டு உடைத்துவிட்டேன். "உன் செடி செத்துப்போச்சு. நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னேன். போட்டோல இருந்தது பண்ணையில வாங்கினது. எனக்கு ஒண்ணையும் பாத்துக்கத் தெரியாது. நீ வந்துடு."



"தெரியுங்க" என்றாள். "போட்டோவைப் பாத்த அன்னைக்கே தெரியும். ஏழு வருஷம் பாத்த பூ, எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் அப்படிச் சொன்னே?"

"குழந்தை முழிச்சிடுச்சு, வெச்சிடறேங்க."

தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். நான் சமாளிக்கவில்லை என்று தெரிந்தே.

ஜூன் 14
மாப்பிள்ளை வண்டியோடு வந்தார். அவள் பட்டியல் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தாள்: துணிமணி, கம்பளி, பழைய கண்ணாடி, தையல் மெஷின். மெஷின் கனம். "நீங்க சிரமப்படாதீங்க மாமா" என்றார். பரவாயில்லை என்று நானும் ஒரு கை பிடித்து, சுவரில் இடிக்காமல் படியில் இறக்கி வண்டியில் ஏற்றினேன்.