தாளம் மட்டும் தெரிந்தவள்

அன்புள்ள மகன் செழியனுக்கு, தியாகதுருகத்திலிருந்து அம்மா பூமாலை சொல்ல உன் தங்கை தனுஷா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஏதோ இருக்கிறோம், நீ அந்த வெயில் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். போனில் பேசினால் அறையில் ஆள் இருக்கிறது என்று நீ சரி சரி என வைத்துவிடுகிறாய், அதனால்தான் அங்கே திரும்புகிற உன் கூட்டாளி ஜெயப்பிரகாஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மலையில் பெய்த மழையில் ஏரி நிரம்பிவிட்டது, நம் பின்சுவரும் ஊறிப்போய் நிற்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டதில் ஒன்று தங்கவில்லை.

நீ அப்பா காரியத்துக்கு வந்தபோது, தங்கைக்காக முன்பே வாங்கி வைத்திருந்த யூகுலேலேயைக் கொடுத்துவிட்டுப் போனாய். நாலு கம்பி, குட்டி கிட்டார் மாதிரி. முதல் நாள் அவள் மீட்டியதுமே பெரியப்பா வாசலுக்கு வந்துவிட்டார். "இன்னாடி இது, எழவு வூட்டுல பாட்டு கேக்குது, வருஷம் திரும்பற வரைக்கும் ரேடியோவே கூடாது, இதுல கச்சேரியா" என்று சத்தம் போட்டார். இவள் எதிர்த்துப் பேசுகிற பிள்ளையா? போனில் தேடிப் பார்த்து, பாட்டே வராமல் வாசிக்கிற வழியைப் பிடித்துக்கொண்டாள். இடது கை விரல்களை அழுத்தாமல் கம்பிமேல் சும்மா படுக்க வைத்துவிட்டு, வலது கை நகத்தால் கீழே இழுத்து, அதே வீச்சில் உள்ளங்கை ஓரத்தால் கம்பிகளை அமுக்கினால் சக் என்று சத்தம் மட்டும் வரும். நடுவில் மரத்தில் ஒரு தட்டு. பெரியப்பா நின்று கேட்டுவிட்டு, "இது பாட்டு இல்ல, முறத்துல பொடைக்கற மாதிரி கீது, தட்டிக்கினு கெடக்கட்டும்" என்று போய்விட்டார். அப்புறம் மாதக்கணக்காக அதுதான். அந்த ஓட்டத்தில் எனக்கு அரிசி களைவதுகூடச் சுளுவாக இருந்தது.

கார்த்திகையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியில் பாட்டுக்கு உதவிக்குப் பெண் வேண்டும், படிப்பு கம்மியானாலும் பரவாயில்லை, தங்க இடமும் உண்டு என்றார்கள். பத்தாவதோடு நின்றவளுக்கு வேறு எங்கே இப்படி அமையும் என்று, ஆள் பார்த்து எடுக்கிற கள்ளக்குறிச்சிக்கு நானே கூட்டிப்போனேன். தாளத்தைக் கேட்டதும் அங்கிருந்த டீச்சரம்மா எழுந்தே வந்துவிட்டார். "எங்கம்மா கத்துக்கின, இவ்ளோ சுத்தமா கீதே" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு, பிள்ளைகள் கூடப் பாடுகிற மாதிரி ஒரு பாட்டு வாசி என்றார். செழியா, அவள் விரல் ஒரு கம்பியைக்கூட அழுத்திப் பழகவில்லை. அழுத்தினால் கம்பி கரகரக்கிறது, இன்னொரு விரல் பழக்கத்தில் போய் மேலே படுத்துக்கொள்கிறது. தலையை நிமிர்த்தவே இல்லை. கத்துக்கொண்டு வாம்மா என்று அனுப்பிவிட்டு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

துக்க வீடு என்று சொல்லியிருக்கலாமேடி என்று பஸ்ஸில் கேட்டேன். "சொன்னா மட்டும் வெரலுக்குத் தெரிஞ்சிடுமா" என்றாள். இதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதுடி என்றேன்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தில் எங்கள் இரண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டேன். மார்கழி பிறந்ததும் புறப்பாடு. அரம் மாதிரி அறுக்கிற அந்தக் காய்ந்த கரும்புச் சோகையை உரித்தால் கை என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். விஷயம் தெரிந்து பெரியப்பா வந்து உட்கார்ந்து, "தையில வருஷம் முடியுது கண்ணு, அப்பறம் நீ எந்தப் பாட்டு வேணா வாசி, நான் கேட்டுக்கினு இருக்கறேன்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. இவள் காபி போடப் போய்விட்டாள்.

தைக் காரியத்துக்கு லீவு சொல்லி வை, பிள்ளை கையால்தான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். இன்னொன்று, வெள்ளிக்கிழமைதோறும் தங்கைக்கு நீ அனுப்புகிற அந்தப் பாட்டு வீடியோக்களை இனிமேல் அனுப்பாதே ராசா. வந்தால் பார்க்கிறாள், பார்த்த அன்றைக்குச் சாப்பிடமாட்டேன் என்கிறாள்.

நீ நீண்ட ஆயுசோடு நல்லா இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பூமாலை

அண்ணா, அம்மா சொன்னதை எல்லாம் விடாமல் எழுதிவிட்டேன். வீடியோ அனுப்ப வேண்டாம்.
தனுஷா