அக்காவின் விசாவும் உங்கள் கருமாதியும்

அப்பா,

மழை விட்டதால் உங்கள் கம்பளிச் சட்டையை இன்று வெயிலில் போட்டேன். கொடியில் விரித்ததும் நீங்கள் வேலை பார்த்த பெக்டரியின் தேயிலைத் தூள் வாசம் வந்தது. அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அக்காவின் போன் வந்தது. மேல்முறையீட்டில் அவள் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

உங்களுக்கு இது எதுவும் தெரியாது. அக்கா அவுஸ்திரேலியாவில் ஆங்கிலப் படிப்பை முடித்து, நர்சாவதற்கான தாதிப் படிப்புக்குப் புது விசா கேட்டிருந்த சமயத்தில்தான் நீங்கள் போனீர்கள். விசா முடிவாகாமல் வெளியேறினால் திரும்பிப் போக முடியாது என்பதால் அவளால் வர முடியவில்லை. அந்த வாரமே கல்லூரியில் சேர்வதற்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னார்: "கருமாதி முடியிற வரைக்கும் புதுசா எதையும் தொடங்காத தாயி. அப்பா மேல சத்தியம்."

அக்கா அப்படியே இருந்தாள். கருமாதி முடிந்து கையெழுத்துப் போடப் போனால் இடம் பறிபோயிருந்தது. எந்தப் படிப்பிலும் சேர்ந்திருக்கவில்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள்.

வேறு கல்லூரியில் இடம் வாங்கிக்கொண்டு மேல்முறையீடு செய்தாள். முதலில் ஏன் சேரவில்லை என்பதற்கு வீட்டிலிருந்து ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது என்றார் வக்கீல். அம்மா வாயைத் திறந்தாலே அழுகை. மிச்சம் நான்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. உங்களுக்கு உடம்பு முடியாமல் போய் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. கடைக்குப் போனால் நீங்கள்தான் எனக்காகக் கேட்பீர்கள். "புள்ளைக்கு நீலக் கலர் காட்டுங்க." எனக்குச் சிவப்புதான் பிடிக்கும். அதையும் சொன்னதில்லை.

பதுளை டவுனில் நீங்கள் போன் ரிப்பேருக்குக் கொடுக்கும் முஸ்லிம் கடைக்காரர், நாம் நானா என்று கூப்பிடுபவர், தன் கடையின் பின்னறையில் என்னைக் கணினி முன் உட்காரவைத்தார். "பயப்புடாதீங்க மகள். ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டேன்."

திரையில் அக்கா, மேல்முறையீட்டை விசாரிக்கும் பெண்மணி, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ தங்கச்சி," என்றார் மொழிபெயர்ப்பாளர். "கருமாதி முடியுமட்டும் உங்கட பக்கம் என்ன செய்யமாட்டினம்?"

"கோயிலுக்குப் போக மாட்டோம்ங்க. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டோம்."

"கையெழுத்தும் போடக் கூடாதோ எண்டு கேக்கினம்."

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அப்படி யாரும் சட்டம் போடலங்க. அம்மா சத்தியம் வாங்குனாங்க. அக்காவால அப்பா மொகத்தக் கடைசியா பாக்க முடியல. இதையாவது செய்யணும்னு இருந்துட்டா."

அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று அம்மா என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, அழுது முடித்த கையோடு கேட்டார். "வகுப்பு என்னைக்கு? திங்கக்கிழமையா? காலையில ராகு காலமாச்சே. அது கழியட்டும், பொறகு போ தாயி."

"வேணாம்மா," என்றேன். "மொத ஆளா போய் உக்காரட்டும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுமுனையில் அக்கா சிரித்தாள்.

இந்த வீட்டில் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். அன்றும் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள். இனி அதை நான் சொல்கிறேன், அப்பா.