தாடை மூட்டுக்கு இரண்டு படங்கள்

மார்ச் 4, புதன்

பாப்பா சோபாவிலிருந்து குதித்து முகவாயைத் தரையில் இடித்துக்கொண்டாள். தையல் போட்டார்கள். வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க மறுக்கிறாள். நான் சமையலறையில் இருந்தேன். ஏன் அங்கே இருந்தேன்?

மார்ச் 5

பல் மருத்துவர் ஃபிலிமில் எக்ஸ்ரே எடுத்தார். காதுக்கு முன்னால், தாடை எலும்பு மண்டையோடு சேரும் மூட்டு. இடது பக்கம் பிறைபோல ஒரு கறுப்புக் கீற்று.

"விரிசலா இருக்கலாம். டிஜிட்டல்லயும் ஒண்ணு எடுத்துப் பார்த்துடுவோம். சின்னப் பிள்ளைங்களுக்கு அங்கிருந்துதான் தாடை வளருது. அடிபட்டா சில சமயம் முகம் கோணலாம்."

கோணலாம். அந்த ஒரு சொல்லோடு எப்படித் தூங்குவது?

மார்ச் 6

எக்ஸ்ரே மையத்தில் டிஜிட்டல் படம் நொடியில் திரைக்கு வந்துவிட்டது. மருத்துவர் திங்களன்றுதான் பார்ப்பாராம். என் கைபேசிக்கும் அனுப்பினார்கள் – அனுப்பியிருக்கக் கூடாது. பெரிதாக்கினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். எங்கே பார்த்தாலும் விரிசல். அடிபடாத வலது பக்கத்தில்கூட!

இவர் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். "இப்படி நோண்டினா என் மூஞ்சியிலயும் நாலு விரிசல் கண்டுபிடிப்பே. விடும்மா."

விடுவதாம். இவருக்கென்ன, படுத்ததும் குறட்டை.

மார்ச் 9, திங்கள்

விளக்குப் பெட்டியில் ஃபிலிம், பக்கத்தில் திரை. டிஜிட்டலில் அந்தப் பிறையே இல்லை! மருத்துவர் ஃபிலிமைக் கழற்றிச் சாய்த்துக் காட்டினார். கீற்று இருந்த அதே இடத்தில் மெல்லிய மடிப்பு. கழுவுவதற்கு முன் நகம் அழுத்திய தடம்.

"என் கைவேலைதான். உங்களைப் பயமுறுத்திட்டேன்."

"அப்போ ஃபிலிமே வேஸ்ட்டா டாக்டர்?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு? இந்த மூட்டைப் பார்க்க ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதுல நான் நகத்தை வச்சேன். இதுல நீங்க விரலை வச்சு இழுத்து இழுத்து விரிசலை உண்டாக்கிட்டீங்க."

சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு. முறிவு இல்லை, வீக்கம்தான். ஆனால் பயந்து வாயை மூடியே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடுமாம். தினமும் பயிற்சி.

மார்ச் 12

"சிங்கம் மாதிரி ஆ காட்டு."

"சிங்கம் தூங்குதும்மா."

மூன்று நாளாகத் தூங்குகிறது. கடவுளே.

மார்ச் 18

குளிப்பாட்டத் தூக்கிப் போன அப்பாவின் தோளைக் கடித்துவிட்டாள். அவர் அலறிய அலறலில் ஓடினேன். அவளைத் திட்டவில்லை. அவரை விளக்கடியில் நிறுத்தித் தோளைத்தான் பார்த்தேன்.

"வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"ஆடாம நில்லுங்க."

மேல்வரிசை, கீழ்வரிசை. இடமும் வலமும் ஒரே ஆழம்.